மண் ஈரமாக இருக்கும்போதே வாடும் பெகோனியா: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

கோடைப் பருவத்துக்கென்று பாத்தியிலும் தொட்டியிலும் நடும் பெகோனியா அதிகம் தொல்லை தராத செடிதான். ஆனால் அது கெடும்போது காட்டும் அறிகுறி ஆளை ஏமாற்றும். தண்ணீர் மிஞ்சிப்போனாலும் வாடும், தண்ணீர் பற்றாமல் போனாலும் வாடும். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வாடியதைக் கண்டதும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்தான் பாதிச் செடிகள் போய்விடுகின்றன. அதனால் இலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முதலில் மண், அடுத்து தண்டின் அடிப்பகுதி, கடைசியாகத்தான் இலை.

## எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒரே அறிகுறிக்கு வகைக்கு வகை பொருள் மாறும்.

மெழுகு பெகோனியா: 15–30 செ.மீ. உயரம், நார்வேர், பளபளக்கும் சிறிய இலை. பாத்தி ஓரங்களில் வரிசையாகப் பார்ப்பது இதைத்தான். நால்வகையில் வெயிலை அதிகம் தாங்குவது இதுவே. அதிலும் செம்பு நிற இலை கொண்டவை பச்சை இலைகளைவிடக் கூடுதலாகத் தாங்கும்.

டிராகன் விங், பிக், வாப்பர் போன்ற பெரிய கலப்பினங்கள்: மெழுகு பெகோனியாவின் வளர்ந்த அண்ணன்கள். செடிக்குச் செடி 30–40 செ.மீ. இடைவெளி வேண்டும். நோய் குறைவு.

கிழங்கு பெகோனியா: நான்ஸ்டாப் வரிசை இந்த இனம். தொங்கு தொட்டிகளில் வளரும் பொலிவியென்சிஸ் வகைகளும் இதற்கு உறவு. தென் அமெரிக்க ஆண்டிஸ் மலைகளில் பிறந்தவற்றிலிருந்து வந்ததால் குளிர்ந்த இரவை விரும்பும், வெக்கையில் முகம் சுளிக்கும். சாம்பல் நோய், பாக்டீரியா இரண்டும் முதலில் தேடி வருவது இதைத்தான்.

எலேட்டியர் என்கிற ரீகர் வகை: பூச்செண்டு மாதிரி விற்பனைக்கு வரும். வீட்டுக்குள் அழகு. மழை அடிக்கும் பாத்தியில் நட்டால் பாக்டீரியாவுக்கு விருந்து வைப்பதுதான்.

## மருந்துக்கு முன் மூன்று சோதனை

ஒன்று, விரலை மண்ணுக்குள் 3–4 செ.மீ. விட்டுப் பாருங்கள். தொட்டியானால் தூக்கிப் பாருங்கள். நன்றாகத் தண்ணீர் விட்ட அன்று ஒருமுறை தூக்கி, அந்தக் கனத்தைக் கை நினைவில் வைத்துக்கொண்டால் பிறகு விரல்கூடத் தேவைப்படாது.

இரண்டு, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைக் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். உறுதியாக இருக்கிறதா, கொழகொழவென்று அமுங்குகிறதா?

மூன்று, ஒரு இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பாருங்கள். பிறகு அதே இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி ஊடுருவும் எண்ணெய்ப் பசைபோன்ற புள்ளிகள் தெரிந்தால் நேராகப் பாக்டீரியாப் பகுதிக்குப் போய்விடலாம்.

## செடி வாடுகிறது, மண் ஈரமாக இருக்கிறது

பெகோனியா சாவுக்குத் தலையாய காரணம் இதுதான். அதனால் இதில் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண் துகள்களுக்கு இடையே உள்ள வெளி முழுக்கத் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுத் திணறி நுனியிலிருந்து சாகும். செத்த வேர் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் ஈர மண்ணில் நின்றுகொண்டே இலை தாகத்தில் தொங்கும். அதைப் பார்த்து மேலும் ஊற்றினால், ஈரத்தில் நீந்திப் பரவும் பித்தியம் என்னும் பூஞ்சணம் போன்ற நுண்ணுயிருக்குக் கதவைத் திறந்துவிட்டது போலாகும்.

செடியை மண்ணோடு வெளியே எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும், இழுத்தால் தாக்குப்பிடிக்கும். பித்தியம் தாக்கிய வேர் பழுப்பாக இருக்கும். அதை இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து மெல்ல உருவினால் மேல்தோல் உறைபோலக் கழன்று வரும், உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். தண்டின் அடி கறுத்து, நீர்கோத்து, செடி ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். ரைசோக்டோனியா என்னும் பூஞ்சணம் என்றால் ஆள் வேறு. மண்மட்டத்தில் தண்டு பழுப்பாக, சற்று வறண்டு, குழிந்து இறுகியிருக்கும். மண்ணைத் தொடும் இலைகளிலும் அந்தப் பழுப்பு ஏறும்.

தண்டு உறுதியாக இருந்து வேரில் பாதியாவது வெள்ளையாக இருந்தால் காப்பாற்றலாம்:

1. அழுகிய வேர்களைச் சுத்தமான கத்தரியால் நீக்குங்கள். பழைய மண்ணை உதறிக் கொட்டிவிடுங்கள். மீண்டும் பயன்படுத்த வேண்டாம்.
2. மீதமுள்ள வேர்ப்பந்தைவிடச் சுற்றிலும் 2–3 செ.மீ. மட்டும் பெரிதான தொட்டியில், புதிய கலவையில் நடுங்கள்.
3. பூக்களையும் மொட்டுகளையும் எல்லாம் கிள்ளி, இலைகளில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். குறைந்த வேருக்குக் குறைந்த சுமை.
4. நிழலில் வைத்து ஒருமுறை மட்டும் தண்ணீர் விட்டு, மேல்மண் 2–3 செ.மீ. காயும்வரை தொடாதீர்கள். புதுத் தளிர் வரும்வரை உரம் வேண்டாம்.

தண்டின் அடி கொழகொழவென்று போய்விட்டால் அந்தச் செடி முடிந்தது. எந்தப் பூஞ்சணக்கொல்லியும் அழுகிய தண்டை மறுபடி தண்டாக்காது. ஆனால் மெழுகு பெகோனியாவிலும் டிராகன் விங்கிலும் மேல்பகுதி நன்றாக இருந்தால் 7–10 செ.மீ. நீளத்தில் நுனித்தண்டு வெட்டி வேர்விட வைக்கலாம். உள்ளே வெட்டிப் பார்த்தால் முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும், பழுப்புக் கோடு தென்பட்டால் தூர எறியுங்கள். பூவாக மட்டும் இருக்கும் கிளையை எடுக்காதீர்கள். இலைக் கணுவில் இலைமொட்டு இருக்கும் கிளைதான் வேர்விட்டபின் செடியாக விரியும். ஈரமான பெர்லைட்டில் (லேசான வெள்ளை எரிமலைக்கல் குருணை) 2–3 வாரத்தில் வேர் வரும்.

ஏன் வந்தது என்பதைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த செடியும் அதே வழியில் போகும். வழக்கமான குற்றவாளிகள்: வேர்ப்பந்தின் மேல்மட்டத்தைவிட ஆழமாக நட்டது, மூடாக்குத் தண்டை ஒட்டிக் குவிந்திருப்பது (5 செ.மீ. விலக்கி வையுங்கள்), சிறிய செடிக்குப் பெரிய தொட்டி, தட்டில் தேங்கிய தண்ணீர். தொட்டிக்கடியில் கூழாங்கல் போட்டால் வடிகால் நன்றாகும் என்று பலரும் நம்புகிறார்கள். நடப்பது தலைகீழ். மென்மையான கலவையும் பெரிய கல்லும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் இறங்காமல் நிற்கும். அந்த ஈரப்பட்டை அடியிலிருந்து மேலே ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். கல்லை எடுத்துவிட்டு ஓட்டைகளைப் பெரிதாக்குவதே மேல்.

தொட்டிக் கலவை: தேங்காய் நார்க்கழிவு அல்லது பீட் (சதுப்புநிலத்தில் பாதி மக்கிய பாசி) 2 பங்கு, பெர்லைட் 1 பங்கு, நன்கு மக்கிய சலித்த எரு 1 பங்கு. தோட்ட மண்ணைத் தொட்டியில் போட வேண்டாம், ஓரிரு மாதத்தில் இறுகிவிடும். களிமண் பாத்தியானால் மேலே 15 செ.மீ. உயர்த்தி, மக்கிய எரு கலந்து நடுங்கள்.

## மண் ஈரம், தண்டு உறுதி, ஆனாலும் வாட்டம்

இரண்டு சாத்தியம். நண்பகலில் மட்டும் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் அது வெக்கை. தண்ணீர் விட வேண்டாம், நிழல் கொடுங்கள்.

மாலையிலும் நிமிராமல், லேசாக இழுத்தாலே செடி வேரில்லாமல் கையோடு வந்தால் மண்ணைக் கிளறிப் பாருங்கள். 1 செ.மீ. நீளத்தில், காலில்லாமல், பழுப்புத் தலையோடு, வளைந்து கிடக்கும் பால்வெள்ளைப் புழு தெரிந்தால் அது கூன்வண்டின் குஞ்சு. தொட்டிச் செடிகளில், முக்கியமாகக் கிழங்கு வகையில், வேரையும் கிழங்கையும் குடைந்து தின்னும். தாய்வண்டு இரவில் வந்து இலை ஓரத்தில் அரைவட்டமாகக் கடித்துப் போயிருக்கும். அதுதான் முன்னறிவிப்பு. மண்ணை முழுக்க மாற்றுங்கள். பக்கத்துத் தொட்டிகளுக்கு, பூச்சிகளைக் கொல்லும் நூற்புழுக் கரைசலை மண் ஈரமாக இருக்கையில் மாலையில் ஊற்றுங்கள்.

## மண் காய்ந்திருக்கிறது, ஊற்றிய தண்ணீர் நிற்காமல் அடிவழியே ஓடுகிறது

முற்றிலும் காய்ந்த பீட் தண்ணீரை ஏற்காது. மேலே ஊற்றியது தொட்டிச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியே வெளியேறிவிடும், நடு வேர்ப்பந்து காய்ந்தபடியே கிடக்கும். தொட்டியை வாளித் தண்ணீரில் விளிம்புவரை இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை, சுமார் 20–30 நிமிடம் வைத்து, எடுத்து நன்றாக வடியவிடுங்கள். தொங்கு தொட்டிகளில் இது அடிக்கடி நடக்கும்.

## இலையில் மாவு தூவியதுபோல் வெள்ளை

சாம்பல் நோய். வட்டத் திட்டுகளாக இலையின் மேல்பக்கம் தொடங்கி, தண்டு, பூ என்று ஏறும். பகலில் மிதமான சூடு, இரவில் குளிர்ந்த ஈரக்காற்று, நெருக்கமான செடிகள், காற்றோட்டமில்லாத மூலை இருந்தால் போதும். இலை நனைய வேண்டும் என்பதே இல்லை. இந்த நோய் வருவதற்கு இலை மேல் தண்ணீர் பட்டதைக் காரணம் சொல்வது வீண்பழி.

கிழங்கு பெகோனியாவில் இதைக் கண்ட அன்றே கவனிக்க வேண்டும். விட்டுவைத்தால் இலைகளை வேகமாக உதிர்த்துவிடும். தாக்கிய இலையை உதறாமல், பிளாஸ்டிக் பையை அதன் மேல் கவிழ்த்து, பைக்குள்ளேயே கிள்ளி எடுங்கள், இல்லையென்றால் வித்துகள் காற்றில் பரவும். பிறகு 1 லிட்டர் தண்ணீரில் 5 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட், சில சொட்டு திரவ சோப்பு கலந்து இலையின் இருபக்கமும் தெளியுங்கள். 7–10 நாள் இடைவெளியில் தொடருங்கள். முதலில் இரண்டு இலையில் மட்டும் தெளித்து மறுநாள் பார்த்துவிட்டு மீதிக்குப் போங்கள், பெகோனியா இலை மெல்லியது. சமையல் சோடாவும் வேலை செய்யும், ஆனால் அதிலுள்ள சோடியம் தொட்டி மண்ணில் தங்கிவிடும்.

கந்தகம் பயன்படுத்தினால் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளில் தெளிக்காதீர்கள். வேப்பெண்ணெய் போன்ற எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் இலை கருகும். மருந்து அடித்தபின் வெள்ளை போய்ப் பழுப்புத் தழும்பு இருக்கும். தழும்பு மறையாது, அதைப் பார்த்து மறுபடி மறுபடி அடிக்க வேண்டாம். புது இலை சுத்தமாக வருகிறதா என்பதே அளவுகோல்.

## உதிர்ந்த பூ ஒட்டிய இடத்தில் பழுப்பு, மேலே சாம்பல் நிறப் பஞ்சு

இது பொட்ரைட்டிஸ் என்னும் சாம்பல் பூசணம். பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் மேலே சொன்னதற்கும் இதற்கும் உறவில்லை. இதற்கு ஈரம் வேண்டும், குளிர்ந்த மேகமூட்டம் வேண்டும், செத்த திசு வேண்டும். உதிர்ந்த இதழ் நனைந்த இலைமேல் விழுந்து ஒட்டினால் அங்கிருந்துதான் தொடங்கும். இதழ்களை அன்றாடம் பொறுக்குவதே பாதி மருத்துவம். காலையில் தண்ணீர் விடுங்கள், அதுவும் மண்ணில். செடிகளுக்கு இடையே காற்று போகும்படி சில இலைகளை நீக்குங்கள். கிழங்கு வகையில் பூக்காம்பைத் தண்டோடு ஒட்டிப் பிய்க்காதீர்கள். சிறு அடிக்காம்பை விட்டால் அது காய்ந்து தானே கழன்றுவிடும், புண் விழாது.

## நீர்கோத்த புள்ளி, மஞ்சள் வளையம், ஓரத்திலிருந்து ஆப்புபோல உள்நோக்கிப் பழுப்பு

ஸாந்தோமோனாஸ் பாக்டீரியா. முதலில் இலையின் அடிப்பக்கம் ஊசிமுனை அளவில் நீர்கோத்த புள்ளிகள் வரும். அவை பழுத்துப் பழுப்பாகி, சுற்றிலும் மஞ்சள் வளையம் போடும். இலை ஓரத்தில் நுழைந்தால் நரம்பு வழியே காம்பை நோக்கிக் குறுகும் ஆப்பு வடிவம். பாக்டீரியா தண்டின் நாளங்களுக்குள் போய்விட்டால் செடி முழுதும் வாடும். எலேட்டியர், கிழங்கு வகைகளுக்கு இதுவே மரண ஓலை.

இதற்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது, தாமிர மருந்து நல்ல செடியில் தொற்றுவதைத் தடுக்க மட்டும் ஓரளவு உதவும். சில இலைகளில் மட்டும் புள்ளி இருக்கும் மெழுகு பெகோனியாவில் அந்த இலைகளை வெட்டி, 10 நாள் கவனித்துப் பார்க்கலாம். ஆப்பு வடிவமும் வாட்டமும் சேர்ந்து வந்துவிட்டால் செடியை வேரோடு எடுத்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். எருக்குழியில் போடாதீர்கள். கத்தரியைச் செடிக்குச் செடி 70 சதவீத ஆல்கஹாலில் துடையுங்கள். தண்ணீர் தெறிப்பதுதான் இதன் வாகனம். எனவே தெளிப்பானை நிறுத்திவிட்டு அடியில் ஊற்றுங்கள். செடி ஈரமாக இருக்கும்போது அதன் நடுவே கைவிட்டு வேலை செய்யாதீர்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இரண்டு உண்டு. பழுப்புத் திட்டு நரம்புகளுக்கு நடுவே அளவெடுத்து வெட்டியதுபோல் கோணமாக நின்றால் அது இலை நூற்புழு. வட்டத்துக்குள் வட்டமாக மஞ்சள் அல்லது பழுப்பு வளையங்கள், செடி குட்டை என்றால் இலைப்பேன் பரப்பும் வைரஸ். இரண்டிலும் செடியை எடுத்துவிடுவதே நல்லது. வைரஸ் என்றால் கூடவே இலைப்பேனையும் ஒழிக்க வேண்டும். பூவை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் மெல்லிய கோடுகள்போல் ஓடும் அவை தெரியும். நீல ஒட்டும் அட்டை கண்காணிக்க உதவும்.

## மேலிலைகளில் வெளிறிய, காகிதம்போல் உலர்ந்த திட்டு

வெயில் சுட்டது. வெயில் நேராக விழும் பக்கத்து இலைகளில் மட்டும் இருக்கும், பரவாது. நாற்றுப்பண்ணையின் நிழலிலிருந்து நேரே வெயிலுக்கு வந்த செடிக்கு இது சகஜம். 7–10 நாள் பழக்குங்கள்: முதல் இரண்டு நாள் முழு நிழல், பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், நாளுக்கு நாள் கூட்டுங்கள். காலை வெயில் நான்கு மணி நேரமும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் எல்லா வகைக்கும் ஒத்துவரும். கருகிய இலையை, பாதிக்கு மேல் பச்சை இருந்தால் விட்டுவிடுங்கள்.

## இலை விளிம்பு மட்டும் பழுப்பாகிக் காய்கிறது

அடிக்கடி காய்ந்து நனையும் மண், வறண்ட அனல்காற்று, அல்லது உப்பு. தொட்டி விளிம்பிலோ மண்மேலோ வெள்ளைப் படிவு தெரிந்தால் உப்புதான், மிஞ்சிய உரம் அல்லது கடினநீரிலிருந்து வந்தது. தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி அடிவழியே வெளியேற்றுங்கள். 3 லிட்டர் தொட்டிக்கு 6 லிட்டர். அடுத்த மூன்று வாரம் உரம் வேண்டாம்.

## மஞ்சள்

எங்கே மஞ்சள் என்பதில் விடை இருக்கிறது. அடி இலைகள் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. தொட்டிச் செடிக்கு ஒவ்வொரு முறை தண்ணீர் வடியும்போதும் சத்தும் வடிகிறது. நீரில் கரையும் 20:20:20 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் வீதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஈரமான மண்ணில் ஊற்றுங்கள். நல்ல எருவிட்ட பாத்திக்கு மாதம் ஒருமுறை போதும்.

நுனியிலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச் சத்து ஏறவில்லை என்று பொருள். மண்ணில் இரும்பு இல்லாமல் இருப்பது அபூர்வம், பெரும்பாலும் மண் காரமாகிவிட்டிருக்கும். பெகோனியாவுக்குத் தொட்டிக் கலவையில் அமிலகார நிலை 5.5 முதல் 6.2 வரை நல்லது. காரத் தண்ணீர் தொடர்ந்து ஊற்றினால் அது மேலே ஏறும். மழைத்தண்ணீர் கிடைத்தால் அதை விடுங்கள், உடனடி நிவாரணத்துக்கு, வேர் எளிதில் ஏற்கும் கீலேட் வடிவ இரும்பு. அதே கோலம் பழைய இலையில் வந்தால் மக்னீசியம்: லிட்டருக்கு 3 கிராம் எப்சம் உப்பு, ஒருமுறை ஊற்றி இரண்டு வாரம் பொறுங்கள்.

நட்டுச் சில நாளில் செடி முழுதும் வெளிறி, வளர்ச்சி நின்றுவிட்டதா? அவசரப்பட்டு நட்டிருக்கிறீர்கள். இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது நிற்கும்வரை பெகோனியா வெளியே வரக்கூடாது. உறைபனிப் பயம் நீங்கியபின்னும் ஒரு வாரம் பொறுத்து நட்டது, முந்தி நட்டதை எட்டிப் பிடித்துவிடும்.

## இலையடியில் தக்கைபோன்ற சிறு கொப்புளங்கள்

நோயல்ல. வேர் உறிஞ்சும் தண்ணீரை இலையால் வெளியேற்ற முடியாத குளிர்ந்த, ஈரமான நாட்களில் செல்கள் வீங்கி வெடித்துத் தழும்பாகின்றன. தண்ணீரைக் குறையுங்கள், காற்றோட்டம் கொடுங்கள். மருந்து வேண்டாம்.

## மொட்டு உதிர்கிறது, பூ இல்லை

முதலில், உதிர்வது எந்தப் பூ? பெகோனியாவில் ஆண்பூ, பெண்பூ ஒரே செடியில் தனித்தனியாக வரும். கிழங்கு பெகோனியாவில் நடுவில் அடுக்கிதழோடு பெரிதாக இருப்பது ஆண்பூ. அதன் இருபுறமும் ஒற்றை அடுக்கில் சிறியதாக இருப்பவை பெண்பூக்கள். பெண்பூவின் பின்னால் மூன்று சிறகு வைத்த சூலகம் தெரியும், கையால் தடவினாலே தெரிந்துவிடும். ஆண்பூ வயதானதும் முழுதாக உதிர்வது இயல்பு. பெரிய பூ வேண்டுமானால் பெண்மொட்டுகளைச் சிறியதாக இருக்கும்போதே கிள்ளுங்கள், விதைக்குப் போகும் சத்து மிச்சம். மெழுகு பெகோனியா தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும், அதில் இந்த வேலை தேவையில்லை.

விரியாத மொட்டே உதிர்ந்தால், மண் முழுக்கக் காய்ந்து பிறகு வெள்ளமாக நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த ஏற்ற இறக்கம்தான் முதல் சந்தேகம். அடுத்தது வெக்கை. கிழங்கு வகைகள் பகலில் 30 டிகிரிக்கு மேலும், இரவில் 20க்கு மேலும் நீடித்தால் மொட்டைக் கைவிடும். தொட்டியைக் காலை வெயில் மட்டும் படும் பக்கம் மாற்றி வேரைக் குளிர்ச்சியாக வையுங்கள். இரவு குளிர்ந்ததும் தானே திரும்பப் பூக்கும். அதுவரை உரம் கொட்டிப் பயனில்லை. வெக்கை நீளும் இடத்தில் கிழங்கு வகையோடு மல்லுக்கட்டுவதைவிட டிராகன் விங் நடுவது புத்திசாலித்தனம்.

மொட்டே வரவில்லை, இலை மட்டும் கொழுகொழுவென்று இருக்கிறதா? தழைச்சத்து மிஞ்சியிருக்கிறது, அல்லது வெளிச்சம் போதவில்லை. பெகோனியா நிழற்செடி என்பது பாதி உண்மைதான். இருட்டு மூலையில் அது உயிரோடு இருக்கும், பூக்காது.

பருவக் கடைசியில் கிழங்கு வகை பூப்பதைக் குறைத்தால் பதற வேண்டாம். பகல் பொழுது குறையக் குறைய அது பூவை விட்டுவிட்டுக் கிழங்கைப் பெருக்கத் தொடங்கும்.

## நீண்டு, ஒல்லியாகி, நடுவில் பிளந்து விழுகிறது

வெளிச்சம் குறைவு, நெருக்கமான நடவு, நுனி கிள்ளாமை மூன்றில் ஒன்று. மெழுகு பெகோனியாவைத் தரையிலிருந்து 8–10 செ.மீ. விட்டு, கணுவுக்கு மேலே வெட்டிவிடுங்கள், ஒரு முறை உரம் கொடுங்கள். சில வாரத்தில் அடர்ந்து மறுபடி பூக்கும். வெறுமையாகத் தெரியுமே என்று கவலையாக இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டலாம். நடவு இடைவெளி மெழுகு வகைக்கு 20–25 செ.மீ. கிழங்கு வகையின் தண்டு நீர் நிறைந்து எளிதில் முறியும். குச்சியைப் பிற்பாடு குத்தினால் கிழங்கைத் துளைத்துவிடும் என்பதால் நடும்போதே ஊன்றுங்கள்.

## நுனித்தளிர் சுருண்டு, விறைத்து, வளராமல் நிற்கிறது

அகலச் சிலந்திப்பேன் என்று சந்தேகப்படுங்கள். கண்ணுக்குத் தெரியாது, 10 மடங்கு லென்ஸிலும் தேடித்தான் பிடிக்க வேண்டும். இலை ஓரம் கீழ்நோக்கி மடங்கி, அடிப்பக்கம் வெண்கல நிறம் ஏறி, தொட்டால் தோல்போல் தடித்திருக்கும். வலை பின்னாது. தாக்கிய நுனிகளை வெட்டிப் பையில் கட்டி எறிந்து, மீதிச் செடிக்குத் தளிர் முழுதும் நனையும்படி கந்தகக் கரைசல், வெயில் தாழ்ந்தபின். பழைய இலை நேராகாது, அடுத்து வரும் தளிர் நேராக வந்தால் வென்றீர்கள்.

இலைக்கக்கத்தில் வெள்ளைப் பஞ்சு இருந்தால் மாவுப்பூச்சி: பஞ்சுக்குச்சியை 70 சதவீத ஆல்கஹாலில் தொட்டுத் துடையுங்கள். அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் லிட்டருக்கு 10–20 மி.லி. பூச்சிக்கொல்லி சோப்பு, இலையின் அடிப்பக்கமாக. எண்ணெய், சோப்பு எதுவும் பூவில் பட்டால் கறை விழும். இலையில் ஒழுங்கற்ற ஓட்டையும் வெள்ளி நிறத் தடமும் இருந்தால் இரவில் விளக்கோடு போய் நத்தைகளைப் பொறுக்குங்கள், அல்லது இரும்பு பாஸ்பேட் குருணை தூவுங்கள்.

## கிழங்கு முளைக்கவில்லை, அல்லது அழுகிவிட்டது

குழிந்த பக்கம் மேலே இருக்க வேண்டும், முளை வருவது அங்கேதான். தலைகீழாகப் புதைத்தவர்கள் நிறையப் பேர். 18–21 டிகிரியில், ஈரம் கசியாத கலவையில் பாதி புதைத்து, குழிக்குள் தண்ணீர் நிற்காமல் பாருங்கள். முளை தெரிய 3 முதல் 6 வாரம்கூட ஆகும். அதற்குள் தோண்டிப் பார்த்து முளையை ஒடித்துவிடாதீர்கள். விரலால் அழுத்தினால் கல்போல் உறுதியாக இருக்கும் கிழங்குக்கு உயிர் உண்டு. தக்கைபோல் லேசாகி அமுங்கினால் இல்லை.

அடுத்த பருவத்துக்கு எடுத்துவைத்ததும் அழுகியிருந்தால், தவறு எடுத்த நாளில் நடந்திருக்கும். இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்தி, தண்டோடு தோண்டி எடுத்து, தண்டு தானாகக் கழன்று விழும்வரை நிழலில் உலர்த்துங்கள். கையால் முறித்தால் அந்தப் புண் வழியே அழுகல் உள்ளே போகும். தண்டின் தழும்பு முழுக்க உலர்ந்தபின் மண்ணை உதறி, காய்ந்த வெர்மிகுலைட்டில் (சூட்டில் பொரிந்த லேசான கனிமக் குருணை) ஒன்றை ஒன்று தொடாமல் அடுக்கி, 5–10 டிகிரியில் வையுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மென்மையான இடம் தென்பட்டால் நல்ல சதை வரும்வரை செதுக்கி, கந்தகத் தூள் தடவி, உலரவிட்டுத் தனியாக வையுங்கள்.